தூரிகை படாத பிறை

சிங்கப்பூர் ஆற்றின் மேல் மூன்று வருடம் நிலாவை ஏற்றி வைத்தவள் நான். பௌர்ணமி வேண்டுமென்றால் பௌர்ணமி, பிறை வேண்டுமென்றால் பிறை. மழைக்காலத்தில்கூட குறை வைத்ததில்லை. தேக்காவுக்கு அருகே, எருமைக் கொட்டில்களின் வாடை காற்றோடு வந்து போகும் ஒரு தெருவில் எங்களுக்குப் போட்டோக் கடை இருந்தது. முன்பக்கம் கண்ணாடிக் கூரை போட்ட அறையில் என் கணவர் ஆட்களை உட்காரவைத்துப் படம் பிடிப்பார். பின்பக்கம், ஒரு திரைக்கு அப்பால், தகடு கழுவுவது, அச்செடுப்பது, பூச்சு வேலை பார்ப்பது எல்லாம் என் பொறுப்பு. கடைக்கு வருகிறவர்களுக்கு நான் அங்கே இருப்பது தெரியும். என்ன செய்கிறேன் என்பது தெரியாது. சமைக்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் காலத்து நிலாப் படங்களின் ரகசியத்தை இப்போது சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. நல்ல வெயிலில், சூரியனுக்கு எதிரே கேமராவை நிறுத்தி, வெளிச்சத்தைக் குறைவாக விட்டு ஆற்றைப் பிடிக்க வேண்டும். தண்ணீர் மினுக்கும், படகெல்லாம் கறுத்துப் போகும். அதை இன்னும் கொஞ்சம் கறுப்பாக அச்செடுத்து நீலச் சாயத்தில் முக்கினால் இரவு வந்துவிடும். நிலா மட்டும்தான் பாக்கி. கண்ணாடித் தகட்டில் எல்லாம் மாறிய நிறத்தில் இருக்கும். அங்கே கறுப்பாக இருப்பது தாளில் வெள்ளையாக வரும். ஆகவே மெல்லிய தூரிகையால் தகட்டின் வானத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தால் போதும், தாளில் நிலா உதித்துவிடும். எனக்குக் கை நடுங்காது. வட்டம் போட்டால் வட்டம்தான். துறைமுகத்தில் இறங்கும் வெள்ளைக்காரப் பயணிகளும் வாங்கினார்கள், ஊருக்கு அனுப்ப நம் ஆட்களும் வாங்கினார்கள். பெரிய பெரிய கடைகளில்கூட இப்படி ஒரு நிலா கிடைக்காது என்று என் கணவர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொள்வார். யார் போட்ட நிலா என்பதை மட்டும் சொல்ல மாட்டார். எனக்கு அதில் கோபம் உண்டு. ஆனால் அதைக் காட்டிக்கொள்ள நேரமில்லாமல் வேலை இருந்தது.

மின்சார டிராம் ஓடத் தொடங்கிய புதிதில் ஒரு நாள் காலை, தொங்கான்காரர் ஒருவர் கடைக்குள் நுழைந்தார். கப்பலில் வரும் சரக்கை ஆற்றங்கரைக் கிட்டங்கிகளுக்கு ஏற்றிவரும் பெரிய படகுதான் தொங்கான். அந்த நாளிலேயே ஆற்றில் சீனர்களின் படகுகள்தான் அதிகம். நம் ஆட்களுடையவை எண்ணி எடுத்துவிடலாம். அதில் நாலு இவருடையவை. நாகப்பட்டினத்துப் பக்கத்து முஸ்லிம். ஆற்றங்கரையில் அவர் குரல் கேட்டால் எதிர்க்கரையில் இருப்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் குரலோடுதான் எங்கள் கடையில் நாங்கள் விற்ற நிலாப்பட அட்டை ஒன்றை மேஜைமேல் போட்டார்.

“தம்பி, இது எந்த ஊருப் பிறை?”

“சிங்கப்பூர்ப் பிறைதான் அண்ணே. ஆத்துக்கு மேல நிக்குதே” என்றார் என் கணவர்.

“நிக்குதுல்ல? அதைத்தான் கேக்குறேன். பிறை எங்கய்யா நிக்கும்? படுத்துல்ல கிடக்கும்?”

திரைக்குப் பின்னால் நான் அச்சுத் தாள் உலர்த்திக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

தொங்கான்காரருடைய மாமனார் ஊரில் பிறை பார்த்துச் சொல்கிறவராம். அவர் கண்டேன் என்று சொன்னால்தான் பள்ளிவாசலில் நோன்பு தொடங்குமாம், முடியுமாம். அவருக்கு இந்த மனிதர் எங்கள் அட்டையை ஆசையாக அனுப்பியிருக்கிறார். பதில் வந்திருக்கிறது.

“என்ன எழுதியிருக்காரு தெரியுமா? மருமகனே, அந்த ஊருல பிறை செங்குத்தா நிக்குது, வெளிச்சம் வேற சூரியன் போன பக்கம் இல்லாம எதிர்ப்பக்கம் இருக்கு, இத்தனை வருசமா இதைப் பாத்துத்தானா நோன்பு வச்சீங்கன்னு கேட்டிருக்காரு. எல்லார் முன்னாலயும் வாசிச்சுக் காட்டினாராம். ஊரே சிரிக்குதுய்யா.”

எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தப் பிறையை நான் எங்கிருந்து எடுத்தேன் என்று உடனே தெரிந்துவிட்டது. என் கணவர் வாங்கி வைத்திருந்த இங்கிலீஷ் போட்டோப் புத்தகத்தில் ஒரு படம் உண்டு. அதில் பிறை கதிர் அரிவாள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். அதைப் பார்த்துப் போட்டேன். மாதா மாதம் கொல்லைப்புறத்தில் நின்று நான் கையெடுத்துக் கும்பிடுகிற மூன்றாம் பிறை ஒரு தடவைகூட அப்படி நின்றதில்லை. கிண்ணத்தின் அடி மாதிரி மல்லாந்துதான் கிடக்கும். கும்பிட்ட கையோடு உள்ளே வந்து, புத்தகத்தைப் பார்த்து வேறு பிறையைப் போட்டிருக்கிறேன். என்மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது.

“இனிமே இந்தக் கடைப் பக்கம் வரமாட்டேன். ஆத்தங்கரை முழுக்கச் சொல்லாம விடவும் மாட்டேன்” என்று தொங்கான்காரர் கிளம்பினார். என் கணவர் வெளிச்சக் கோளாறு, தகட்டுக் கோளாறு என்று எதையெதையோ சொல்லி மென்று விழுங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை. திரைக்கு இந்தப் பக்கமிருந்தே வாயைக் கொடுத்துவிட்டேன்.

“அண்ணே, அது போட்ட பிறைதான். தப்புத்தான். நெசப் பிறையைப் புடிச்சுத் தந்தா ஒத்துக்குவீங்களா?”

திரையைப் பார்த்துப் பேசுவதா, என் கணவரைப் பார்த்துப் பேசுவதா என்று தொங்கான்காரருக்குத் தெரியவில்லை போலும்.

“தூரிகை படாமலா?”

“தூரிகையும் படாது, சுரண்டுற கத்தியும் படாது. ஒரே தகடு, ஒரே வானம். கீழ உங்க தொங்கான், மேல பிறை. அதுல எங்க கை பட்டிருக்குன்னு தெரிஞ்சா, வாசல்ல இருக்கிற போர்டை நீங்களே கழட்டி ஆத்துல விட்டுடுங்க.”

அவர் சிரித்தார். “அமாவாசை கழிச்சு அஞ்சாம் நாள் நான் கப்பல் ஏறுறேன். மாமா முன்னால அந்தப் படத்தோடதான் உக்காரணும். தம்பி, உங்க வீட்ல சொன்னது உங்களுக்கும் சம்மதந்தானே?” என்றார். என் கணவர் தலையாட்டினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தொங்கான்காரர் போனதும் என் கணவர் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது.

“போர்டை வச்சுப் பந்தயம் கட்டுறியே, அது உங்க அப்பா வீட்டுச் சீதனமா?”

“அதுல பாதி என்னுது. நிலா எல்லாம் யாரு போட்டது?”

“நிலா போட்டது நீ. போர்டு போகப்போறது எனக்கு.”

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. கூலிக் கணக்கு எழுதப் பிடிக்காமல், வேறொரு கடையில் எடுபிடியாகச் சேர்ந்து கேமராவைத் தொடவே நாலு வருடம் காத்திருந்தவர். அந்தப் போர்டில் எழுத்துகளைத் தானே உட்கார்ந்து எழுதினார். அது இறங்கினால் அவர் மறுபடி யாரிடமாவது போய்க் கைகட்டி நிற்க வேண்டும். எனக்கும் இருட்டறை இருக்காது. இதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன். என்னால் முடியும் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. அது திமிர் என்று அவர் சொன்னார். இருக்கட்டும்.

அமாவாசைக்கு இன்னும் நாலைந்து நாள் இருந்தது. தினமும் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு, கேமராவையும் முக்காலியையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம். முதல் நாள் அவர் புத்தகத்தைப் பார்த்துப் பிடித்தார். சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் கழித்து கேமராக் கண்ணின் மூடியை எடு என்று அதில் போட்டிருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து ஆற்றங்கரையில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். தகட்டைக் கழுவிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, வெறும் கண்ணாடி. மறுநாள் பயந்துபோய் சூரியன் இறங்கும்போதே எடுத்தார். தாளில் வானம் வெளுத்துப்போய்ச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வந்தது.

அந்தப் புத்தகம் எழுதியவர் ஊரில் சூரியன் சாய்ந்து சாய்ந்து சோம்பலாக இறங்குமாக இருக்கும். இங்கே அது நேரே கீழே இறங்கிவிடும். இறங்கிய பிறகு நமக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்ளேயும் இருட்டவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே இருட்டிவிடும். மூன்றாம் நாள் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். என் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். ரேகை நன்றாகத் தெரிந்தால் வானத்துக்கு இன்னும் வெளிச்சம் மிச்சம். ரேகை மங்கி, விரல்கள் மட்டும் தெரிகிற சமயத்தில் மூடியை எடுத்து, ஆறு எண்ணி மூடச் சொன்னேன். அன்றைய தகட்டில் வானம் பதமாக இருந்தது. அவர் அதை விளக்கில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் கிளம்பும்போது அவராகவே, “கையை நல்லாக் கழுவிக்க, மை இருந்தா ரேகை தெரியாது” என்றார்.

அந்தச் சாயங்காலங்களை நான் விரும்பினேன். வெளிப்படையாகவே சொல்கிறேன். அதுவரை ஆற்றை நான் தகட்டில்தான் அதிகம் பார்த்திருந்தேன். மேற்கே கிட்டங்கிக் கூரைகளுக்கு மேல் வானம் செம்பருத்தி நிறத்துக்கு வரும். கரையில் பேசிக்கொண்டிருக்கிறவர்கள்கூடக் கொஞ்ச நேரம் வாயை மூடுவார்கள். அத்தனை நிறமும் தகட்டுக்குத் தெரியாது. அந்தக் காலத்துத் தகடு சிவப்புக்குக் குருடு. ஊரே நின்று பார்த்த அந்தி அதில் சாம்பலாகத்தான் பதியும். எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. நிறத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ உருவத்தைப் பிடி என்று தகட்டிடம் சொல்லிக்கொள்வேன்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி இருந்தது. ஆறு எண்ணுவதற்குள் பிறை பெரிதாக நகர்ந்துவிடாது. ஆனால் தண்ணீரில் மிதக்கிற படகு ஆடும். ஆடினால் தகட்டில் இழுவிப் போகும். தொங்கான்காரரிடம் என் கணவரை அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அவர் ஆற்றின் போக்குத் தெரிந்தவர். “அமாவாசை கழிச்சு மூணாம் நாள், நாலாம் நாள் அந்திக்கெல்லாம் தண்ணி வத்திரும். தொங்கான் சேத்துல உக்காந்துச்சுன்னா யானை வந்து தள்ளினாலும் அசையாது” என்று சொல்லி அனுப்பினார். அந்த நேரத்தில் அவரும் அவருடைய ஆட்களும் மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்குப் போய்விடுவார்களாம். படகில் ஆளே இருக்காது. எனக்கு அது இன்னும் வசதி.

மூன்றாம் பிறையன்று மதியமே மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. சாயங்காலம் மழை கொட்டியது. நாங்கள் கிட்டங்கி வாசலில் கேமராவை எண்ணெய்த் துணியால் போர்த்திக்கொண்டு நின்றோம். மழை விட்டபோது ஊரெல்லாம் விளக்கு. பிறை எங்கேயோ மேகத்துக்குப் பின்னால் இறங்கிப் போயிருந்தது.

இனி மறுநாள் மட்டும்தான். மறுநாள் நாலாம் பிறை.

நாலாம் பிறையை எங்கள் வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. பார்த்தால் செய்யாத குற்றத்துக்குப் பழி வந்து சேரும் என்பது நம்பிக்கை. என் கணவர் இதில் ரொம்பக் கண்டிப்பு. அன்றைக்கு மேற்குப் பக்க ஜன்னலைக்கூடச் சாத்திவிடுவார். தெருவில் போகும்போது தலையைக் குனிந்துகொண்டே போய் ஒரு தடவை மாட்டுவண்டியில் முட்டிக்கொண்டவர். அப்படிப்பட்டவரை அந்தப் பிறையைப் படம் பிடிக்கச் சொன்னால்?

“என்னால முடியாது. போர்டு போனாலும் பரவாயில்ல.”

“கண்ணாடில பாக்கப்போறீங்க. அதுவும் தலைகீழாத் தெரியும். அது நெசப் பிறையைப் பாத்ததா ஆகாது.”

“தலைகீழா இருந்தாலும் பிறை பிறைதான்.”

“சரி, நான் பாக்கிறேன். பழி வந்தா எனக்கே வரட்டும்.”

அவர் “உனக்கு வந்தா என்ன, எனக்கு வந்தா என்ன, ஒரே வீட்டுக்குத்தானே வரும்” என்று முணுமுணுத்தபடி முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டார். கேமராவைத் தூக்க ஆள் வேண்டும் என்பதற்காக வருகிறாராம். ஆறு எண்ண வாட்ச்சும், அதைப் பார்க்க ஒரு லாந்தரும் எடுத்துக்கொண்டார். வழி முழுக்கத் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அன்று வானம் துடைத்து வைத்தது போல இருந்தது. தொங்கான்கள் சேற்றில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கரையில் சில சீனக் கூலிகள் கிண்ணத்தில் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். சேலை கட்டியவள் கேமராவுக்குப் பின்னால் நிற்பதை ஒரு நிமிடம் பார்த்தார்கள். பிறகு சோறுதான் முக்கியம் என்று திரும்பிக்கொண்டார்கள். நான் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் எல்லாம் தலைகீழ். ஆறு மேலே, வானம் கீழே, பிறை கவிழ்ந்து கிடந்தது. என் வாழ்க்கையில் முதன்முதலாக, கேமராவுக்குள் ஒரு படம் என் இஷ்டத்துக்கு நின்றது. இடது பக்கம் கொஞ்சம் திருப்பினேன். கிட்டங்கிக் கூரை விலகியது. மறுபடி கொஞ்சம். நாலு தொங்கானும் உள்ளே வந்தன. சந்தோஷத்தில் உள்ளேயே சிரித்துவிட்டேன்.

துணியிலிருந்து வெளியே வந்து தகட்டைச் செருகினேன். செருகிய பிறகு கண்ணாடியில் ஒன்றும் பார்க்க முடியாது; வானத்தைத்தான் பார்க்க வேண்டும். உள்ளங்கையை விரித்தேன். ரேகை தெரிந்தது. மங்கியது. விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன.

“எண்ணுங்க” என்று மூடியை எடுத்தேன்.

“ஒண்ணு” என்று எங்கேயோ பக்கத்தில் அவர் குரல் கேட்டது. நான் பிறையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது அங்கேயே இருக்கிறதா, மேகம் ஏதாவது வருகிறதா என்று அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் நிதானமாக எண்ணினார். ஆறு என்றதும் மூடினேன்.

வீட்டுக்கு வந்ததும் ஐஸ் கட்டியை உடைத்து மருந்துத் தண்ணீரின் தொட்டியைச் சுற்றிப் போட்டோம். இந்த ஊர்ச் சூட்டில் அது இல்லாவிட்டால் தகட்டின் பூச்சு கஞ்சி ஆடை போலச் சுருண்டு வந்துவிடும். சிவப்பு விளக்கில் தொட்டியை ஆட்ட ஆட்ட, முதலில் வானம் கறுத்தது. அதில் இன்னும் கறுப்பாகப் பிறை வந்தது. அரிசிமணி அளவுதான் இருந்தது. நான் வழக்கமாகப் போடுகிற பிறை பாக்குத் துண்டு அளவு இருக்கும். ஆனால் இது மல்லாந்து கிடந்தது. தொங்கான்கள் ஆறு எண்ணிக்கைக்கு வரக்கூடியதைவிடத் தெளிவாக, விளிம்பு விளிம்பாக எழுந்து வந்தன. நான் மூச்சுவிட்டேன். அப்போதுதான் வலது மூலையில் கறுப்பாக இன்னொன்று வரத் தொடங்கியது. லாந்தர். லாந்தருக்கு மேல் ஒரு கை. கைக்கு மேல் ஒரு முகம்.

“நீங்க எங்க நின்னீங்க?” என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

“ஆத்துப் படிக்கட்டுல.”

“கேமராவுக்கு முன்னாலயா?”

“பிறைக்கு முதுகைக் காட்டணும். நீ மூடியை எடுக்கிறது தெரிஞ்சாத்தானே எண்ண முடியும், உன் கையையும் பாக்கணும். வேற எங்க நிக்கச் சொல்ற?”

யோசித்துப் பார்த்தால் வேறு இடமே கிடையாது. ஆத்திரத்தில் என்னென்னவோ திட்டினேன். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, தகடு காய்ந்ததும், பூச்சு சுரண்டுகிற சின்னக் கத்தியை எடுத்தார்.

“மூலையிலதானே இருக்கேன். சுரண்டிட்டா தாள்ல இருட்டாயிடும். ரெண்டு நிமிசம்.”

“கத்தி படாதுன்னு சொல்லியிருக்கோம்.”

“நீ சொன்ன. பிறையிலயா கை வைக்கிறேன்? என்னையத்தானே சுரண்டுறேன்?” குரலைத் தாழ்த்தினார். “இந்தா பாரு, என் கடைப் படத்துல நானே நிக்கிறேன். பாக்கிறவன் என்ன கேப்பான்? அப்ப யாரு புடிச்சான்னு கேக்க மாட்டானா?”

அப்போதுதான் அவருடைய பயம் எனக்குப் புரிந்தது. புரிந்ததும் கோபம் இரண்டு மடங்காயிற்று. மூன்று வருடம் நிலா போட்டேன், அதைச் சொல்லவில்லை. சரி. இதையும் சுரண்டிவிட வேண்டுமா? தகட்டை அவர் கையிலிருந்து பிடுங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“அது யார் கைக்குப் போகுதுன்னு மறந்துட்டீங்களா? நூல் மாதிரிப் பிறையை வானத்துல தேடிக் கண்டுபிடிக்கிறவர் கைக்கு. அவரு கண்ணுக்குச் சுரண்டினது தெரியாதா?”

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை வெயிலில் அச்செடுத்து அட்டையில் ஒட்டினேன். தொங்கான்காரர் கப்பலுக்குப் போகிற உடுப்பில், கூட இரண்டு பேரோடு வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். என் கணவர் படத்தை நீட்டினார். மேஜை மேலிருந்த பூதக்கண்ணாடியைத் தொங்கான்காரர் எடுத்துக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார்.

“படுத்துத்தான் கிடக்குது” என்றார். நின்று நின்று வந்த கால் வலியெல்லாம் எனக்குப் போய்விட்டது. “என் தொங்கான் நாலும் இருக்கு. அட, கயிறுகூடத் தெரியுதே.” கூட வந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர் குரல் மாறியது.

“இது யாரு?”

பூதக்கண்ணாடியைப் படத்தின் மூலைக்குக் கொண்டுபோனார்.

“எல்லாம் இருட்டா இருக்கு, மூலையில ஒரு ஆளு மட்டும் வெளிச்சமா. பிறைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு எவன்யா நிப்பான்? என் ஆளுங்க எல்லாரும் பள்ளியில இருந்தாங்க. இது வரைஞ்சு வச்சது.”

“இல்லண்ணே, சத்தியமா இல்ல.”

“கை படாதுன்னு சொன்னீங்க. போர்டை வச்சுச் சொன்னீங்க.” கூட வந்தவரிடம், “பக்கத்துக் கடையில ஏணி இருக்கும், வாங்கிட்டு வா” என்றார்.

“அது நான்தான் அண்ணே. நல்லாப் பாருங்க. என் மூஞ்சிதான்.”

தொங்கான்காரர் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “உங்க மூஞ்சிதான். அதைப் பாத்து வரைஞ்சிருக்கீங்க. நீங்க அங்க நின்னா, இங்க படம் புடிச்சது யாரு? கேமரா தானாப் புடிச்சுக்கிச்சா?”

நான் வாயைத் திறந்துவிட்டேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும். முதல் நாள் சொன்னவள்தானே நான். ஆனால் அன்றைக்கு என்னால் முடியவில்லை. முடியவில்லை என்பதைவிட, நான் சொல்லக் கூடாது என்று தோன்றியது. என் கணவர் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். தெரிந்த ஆள் ஒருவனைக் கூட்டிப்போய் மூடியைத் திறக்கச் சொன்னேன் என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? போர்டும் தப்பிக்கும், அவர் மானமும் தப்பிக்கும். அவர் அதைத்தான் சொல்வார் என்று நினைத்தேன். திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“என் சம்சாரம்” என்றார்.

“என்ன?”

“என் சம்சாரந்தான் புடிச்சது. இடம் பாத்தது, தகடு போட்டது, நேரம் பாத்து மூடியை எடுத்தது, கழுவினது, அச்செடுத்தது, எல்லாம் அவதான். நாலாம் பிறையைப் பாக்கக் கூடாதுன்னு நான் முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். நான் செஞ்சது ஒண்ணே ஒண்ணு. ஆறு எண்ணினேன்.” நிறுத்தினார். பிறகு யாரும் கேட்காததையும் சொன்னார். “இத்தனை நாளு இந்தக் கடையில வித்த நிலா எல்லாமும் அவ போட்டதுதான்.”

ஏணி வாங்கப் புறப்பட்டவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தொங்கான்காரர் தாடியைத் தடவினார். பிறகு அந்த ஆற்றங்கரைக் குரலில் சிரித்தார்.

“நம்புறேன்யா. பொய் சொல்றதா இருந்தா எந்த ஆம்பளையும் இப்படி ஒரு பொய்யைச் சொல்ல மாட்டான்.” படத்தைத் துணியில் சுற்றிக்கொண்டார். “மாமாகிட்டயும் இதையேதான் சொல்லப்போறேன். தங்கச்சி, அஞ்சாறு மாசத்துல வந்துருவேன். வந்ததும் என் தொங்கான் ஒவ்வொண்ணையும் தனித்தனியாப் புடிச்சுக் குடுக்கணும். நீங்கதான் வரணும், இவரு வேணாம்.”

நான் சரி என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அழுதுவிட்டேன். அதைச் சொல்லவும் எனக்கு வெட்கம் கிடையாது.

அவர்கள் போனபிறகு கடையில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் மேஜையைத் துடைத்தார், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். வீட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த இன்னொரு அச்சைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். அதுவரை அந்த மூலையை நான் சரியாகப் பார்த்திருக்கவில்லை, கோபத்தில் பார்த்ததுதான். லாந்தர் வெளிச்சம் முகத்தில் விழுந்திருந்தது. வாட்ச் கையில் திறந்தபடி இருந்தது. கண் வாட்ச்சில் இல்லை. நேரே கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வாட்ச்சைப் பாக்காம எப்படி எண்ணினீங்க?”

அவர் துணியை மடித்தார். “நீ அந்தப் பிறையவே பாத்துக்கிட்டு நின்ன. நான் உன்னையப் பாத்துக்கிட்டே எண்ணினேன். மெதுவாத்தான் எண்ணியிருப்பேன் போல.”

தொங்கான்களின் விளிம்பும் கயிறும் தகட்டில் ஏறியது அந்த மெதுவில்தான். ஆறு மட்டும் எண்ணியிருந்தால் அவை இருட்டோடு இருட்டாகப் போயிருக்கும். நான் அந்த நேரம் முழுக்க பிறையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.